தலைமாட்டுக் கயிறு

பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். பாஸ்டர் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னார். சொன்ன வேகத்தில் எல்லாரும் திரும்பிக் காரைப் பார்த்து நடந்தார்கள்.

நான் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரரும் நின்றுவிட்டார். பெட்டி இன்னும் மேலேதான் இருந்தது.

இறந்தவர் எங்கள் ஜில்லாக்காரர். பிஸ்கட்டவேயில் நடக்கும் தமிழ் ஜெபக் கூட்டத்தில் எங்களுக்குப் பழக்கம். நாங்கள் நியூஜெர்சிக்கு மகன் வீட்டுக்கு வந்தபிறகு பார்த்த முதல் அடக்கம் அது.

"அம்மா, வாங்க. லஞ்ச் ஏற்பாடு பண்ணியிருக்காங்க" என்றான் என் மகன் சாம்.

"பெட்டியை இறக்கலியேப்பா?"

"அதெல்லாம் அவங்க அப்புறம் மெஷின்ல பண்ணிருவாங்க. நாம நிக்கக் கூடாது. இன்சூரன்ஸ் ரூல்ஸ்."

"மண்ணு?"

"அதுவும் அவங்கதாம்மா."

தூரத்தில் ஒரு மரத்தடியில் மஞ்சள் நிற மெஷின் நின்றது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நாங்கள் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊரிலே பரம ஏழைக்குக்கூட நாலு பேர் கை கொடுத்து இறக்குவார்கள். பெண்டு பிள்ளைகள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம்.

 கார் ஃப்ரீவே ஏறியதும் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, என்னைய இப்படிப் புல்லு மேல விட்டுட்டு விருந்துக்குப் போயிராதீய. மனுசன் கையால இறக்கணும். மொத மண்ணு நீ போடணும்."

"அப்பா, நீங்க இன்னும் இருவது வருஷம் இருப்பீங்க" என்று சாம் சிரித்தான்.

"இருந்துட்டுப் போறேன். சொல்லி வைக்கேன்."

மிட்டாய் தின்கிற கோயில்

இந்தத் தொடரில் போன வாரம், எங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாததால் வீட்டுக்குள்ளேயே கிடந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு விடிவு கிடைத்தது இப்படித்தான்.

சாம் வீடு வாங்கியிருந்தது ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் அங்கே பெரிய நூல் மில் இருந்ததாம். அந்த வேலைக்காக ஸ்காட்லாந்திலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்களாம். மில் மூடிவிட்டார்கள். ஆட்கள் இருந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அவர்களுடைய கல் கோயில் இருந்தது.

"அத்தை, அவங்க ஸ்காட்லாந்து. இங்கிலீஷ்காரங்கன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராதீங்க, கோவம் பொத்துக்கிட்டு வந்துரும்" என்று மருமகள் கிரேஸ் எச்சரித்து அனுப்பினாள். நான் எங்கே போய் யாரிடம் வாய் தவறப் போகிறேன்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், நோ, தேங்க்யூ. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

முதல் ஞாயிறே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழவர் ஒருவர் பெரிய வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கூண்டு மாதிரி கதவு வைத்த பிரசங்க மேடையில் வைத்தார். பின்னாலே வந்த பாஸ்டரை மேடைக்குள் ஏற்றிவிட்டு, வெளியே கதவைச் சாத்தித் தாழ் போட்டார்!

"ஆளு ஓடிருவாருன்னா பூட்டுதாரு?" என்று என் வீட்டுக்காரர் காதுக்குள் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பிரசங்கம் ஆரம்பித்ததும் கோயில் முழுக்கச் சரசரவென்று தாள் பிரிக்கிற சத்தம். எல்லாரும் மிட்டாய் தின்றார்கள். வெள்ளை வெளேரென்று உருண்டையான புதினா மிட்டாய். எங்கள் ஊரில் ஆராதனை நடுவே பிள்ளைகள் வாயை அசைத்தாலே காதைத் திருகுவார்கள். இங்கே கிழவர் கிழவி எல்லாரும் கன்னத்தை உப்பிக்கொண்டு வசனம் கேட்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு மிட்டாய்.

வாங்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு சில்லென்று ஆனது.

அவள் பெயர் மெயிசி.

ஆசாரியும் டெய்லரும்

அந்தக் கோயிலில் யாருக்கு என்ன வேலை என்பது அவரவர் தொழிலை வைத்தே அமைந்திருந்தது. வேதப்புத்தகம் தூக்கியவர் செருப்புத் தைக்கிறவர். பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் ரொட்டிக் கடைக்காரர். காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர் கறிக்கடைக்காரர். பழைய ஊரிலே அவர்களுடைய அப்பன், பாட்டன் காலத்திலும் அப்படியே இருந்ததாம். கடல் தாண்டி வந்தும் ஒன்றையும் மாற்றவில்லை.

அந்தக் கறிக்கடைக்காரர் ஒரு நாள் கோயில் விருந்தில் என் தட்டில் என்னமோ வைத்தார். ஆட்டு வயிற்றுக்குள் ஈரலும் நுரையீரலும் ஓட்ஸும் திணித்து அவித்தது. எனக்கு அதிர்ச்சியாகிவிட்டது. வெள்ளைக்காரன் என்றால் ரொட்டியும் வெண்ணெயும்தான் தின்பான் என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் நம்மைப்போலக் குடல் அலசித் தின்கிறவர்கள்! மிளகுதான் போதவில்லை.

மெயிசியின் வீட்டுக்காரர் ஆர்ச்சி. அவர் தச்சர். ஸ்காட்லாந்துச் சின்ன ஊர்களில் கதவு செய்கிற தச்சர்தான் சவப்பெட்டியும் செய்வாராம், அடக்கத்தையும் முன்னே நின்று நடத்துவாராம். இங்கேயும் அந்தக் கோயில்காரர்களுக்கு அவரே பெட்டி செய்தார். முகம் நல்ல சிவப்பு. சிரிக்கவே மாட்டார்.

என் வீட்டுக்காரர் ஊரில் டெய்லர். பாஸ்டர்மாருக்கு அங்கி தைக்கிறவர். பாஷை தெரியாத இந்த இரண்டு பேரும் எப்படிச் சினேகமானார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். இரண்டு பேர் சட்டைப் பையிலும் அளவு நாடா இருந்தது, அவ்வளவுதான். பாட்டுக் குழுவின் பழைய அங்கிகளை அவர் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். ஆர்ச்சி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுத் தந்தார்.

ஒரு நாள் ஆர்ச்சி முகம் மாறாமல் ஏதோ சொல்ல, சாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னவாம்டே?"

"நீ நிக்கிற ஆளுக்குத் தைக்கிறே, நான் படுத்த ஆளுக்குத் தைக்கிறேன். என் கஸ்டமர் யாரும் திரும்பி வந்து டைட்டா இருக்குன்னு சொன்னதே இல்லேங்கிறாருப்பா."

"ஏ வெள்ளைக்கார ஆசாரி, உமக்குக் கொழுப்பு கூடிப்போச்சுவே" என்று இவர் தமிழிலேயே பதில் சொன்னார். ஆர்ச்சிக்கு அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

ஆண்கள் இரண்டு பேரும் பட்டறையில் இருக்கும்போது நான் மெயிசியோடு அடுக்களையில் இருப்பேன். அவள் என்னை 'ஹென்' என்று கூப்பிடுவாள். அவர்கள் பக்கம் பெண்களைப் பிரியமாக அப்படிக் கூப்பிடுவார்களாம். நாங்கள் பேசமாட்டோம். உருளைக்கிழங்கு உரிப்போம். சுவரில் பள்ளிக்கூட கோட்டு போட்ட ஒரு பையன் படம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, அவள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒரு சின்னக் கல்லைக் கைக்குட்டையால் துடைப்பாள். அந்தப் படத்தில் இருந்த பையன்தான் அங்கே இருந்தான். அவர்களுக்கு ஒரே பிள்ளை.

அதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு வார்த்தை ஏது?

ஒரு கால் ஷூ

இலை எல்லாம் சிவந்து கொட்டுகிற மாதம். சாமும் கிரேஸும் வேலைக்குப் போய்விட்டார்கள், பேத்தி நான்சி பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவர் ஆர்ச்சியின் பட்டறைக்குப் போவதற்காகப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏளா" என்று ஒரு சத்தம்.

"இந்தா வாரேன்" என்று கையைக் கழுவிவிட்டு வந்தேன். கைப்பிடியில் சாய்ந்தபடி இருந்தார். ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. கண் திறந்திருந்தது.

அதற்குமேல் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு இருக்கிறது. போனில் நான் தமிழில் கத்தினேன். பக்கத்து வீட்டம்மாள் ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள். அவரே தைத்த சட்டை. அதை வெட்டாதீர்கள் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. மனுசனே போய்விட்டார், சட்டைக்குக் கவலைப்படுகிறேனே என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

மறுநாள் ஃபியூனரல் ஹோமில் அவரைக் காட்டினார்கள். நான் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டேன். அது அவரே இல்லை. கன்னத்தில் ரோஸ் பவுடர். உதட்டில் சாயம்.

"ஏ கிரேஸு, மாமாவுக்கு உதட்டுல என்னது?"

"மேக்கப் பண்ணியிருக்காங்க அத்தை. இங்க அப்படித்தான்..." என்று சொன்னவள், பேச்சை நிறுத்தி, கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து மாமனார் உதட்டை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அவளை நான் என் மகளாக நினைத்தது அந்த நிமிஷத்தில்தான்.

சாம் கல்லறைத் தோட்டத்துக்காரர்களுக்குப் போன் பண்ணினான். அன்றைக்கு நாங்கள் பார்த்த அதே இடம். இறக்குகிற வரை நிற்கலாமா, கையால் இறக்கலாமா என்று கெஞ்சினான். போனை வைத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்தான்.

"முடியாதுங்கிறாங்கம்மா. மெஷின்தானாம். அப்பா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். நான் சிரிச்சேன்."

நான் அவன் தலையைத் தடவினேன். எனக்குள்ளே அந்த மஞ்சள் மெஷினும் ரொட்டி தின்ற ஆளுமே நின்றார்கள். அவரைப் புல்லின்மேல் விட்டுவிட்டு நான் எப்படிக் காரில் ஏறுவேன்?

ஆர்ச்சி வந்தார்

அன்று சாயங்காலம் ஆர்ச்சியும் மெயிசியும் வந்தார்கள். மெயிசி கையில் ஒரு பானை சூப். ஆர்ச்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கையால் இறக்கணும் என்று அப்பா கேட்டதையும், கல்லறைத் தோட்டத்துக்காரர்கள் மறுத்ததையும் சாம் சொன்னான்.

கேட்கக் கேட்க ஆர்ச்சி முகம் இன்னும் சிவந்தது. பிறகு அவர் சொன்னதை கிரேஸ் எனக்குச் சொன்னாள்.

"மெஷினா? டெய்லர் நம்ம கோயில் ஆளு. அவரை நம்ம தோட்டத்துல வைப்போம், நம்ம கையால இறக்குவோம். பெட்டி நான் செய்றேன். அவர் அளவு எனக்குத் தெரியும்கிறாரு அத்தை."

எனக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது.

மறுநாள் அவர் அட்டைகள் கொண்டுவந்தார். அவர்கள் வழக்கத்தில் பெட்டியில் எட்டுக் கயிறு கட்டுவார்களாம். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, இரண்டு பக்கமும் மூன்று மூன்று. எந்தக் கயிறு யாருக்கு என்று ஓர் அட்டையில் குறித்து அவரவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டை கிடைப்பது பெரிய மரியாதை. தலைமாட்டுக் கயிறு சாமுக்கு. மற்றவை கறிக்கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர், செருப்புத் தைக்கிறவர், ஜெபக் கூட்டத்து ஆட்கள் என்று பிரித்திருந்தார். ஒவ்வொரு அட்டையாக மேசைமேல் வைத்தார். அவருக்குக் கயிறு கிடையாது, அவர் நடத்துகிறவர்.

பிறகு மெயிசி என் கையைப் பிடித்துக்கொண்டு கிரேஸிடம் ஏதோ சொன்னாள். கிரேஸ் என்னைப் பார்த்தாள், சொல்ல யோசித்தாள்.

"அத்தை, கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் நாம ஹாலுக்குப் போயிரணுமாம். லேடீஸ் குழிகிட்ட வரமாட்டாங்களாம். டீ, சாண்ட்விச் எல்லாம் ரெடி பண்ணுவாங்களாம். நீங்க மெயிசி ஆன்ட்டிகூட இருக்கலாமாம்."

"நான் வரக்கூடாதா?"

"அவங்க வழக்கமாம் அத்தை. எப்பவுமே அப்படித்தானாம்."

 கையால் இறக்க ஆள் கிடைத்தது. மண் போட என்னை விடமாட்டார்கள்! பெட்டி செய்ய ராத்திரி பகல் பாராமல் உழைக்கிற மனுசனிடம் என்னவென்று சொல்வது? நான் எதிர்த்துப் பேசிப் பழகினவள் இல்லை. கல்யாண வீட்டில்கூடப் பின்வரிசையில் தூண் மறைவில் உட்காருகிறவள். தலையை ஆட்டிவிட்டேன்.

ஹாலில் ஜன்னல் இருந்தது

ஆராதனை முடிந்தது. எட்டுப் பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். தேக்கு நிறத்தில், பூவேலை ஒன்றும் இல்லாமல், இழைத்து இழைத்து வழுவழுவென்று செய்திருந்தார் ஆர்ச்சி. பக்கத்துக் கதவு வழியாக அவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். நாங்கள் ஹாலுக்குப் போனோம்.

மெயிசி எனக்கு டீ ஊற்றினாள். மற்றப் பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு ரொட்டியை முக்கோணமாக வெட்டினார்கள். ஒருத்தரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நான்தான் திருப்பினேன். மழைத் தூறலில் கறுப்புக் கோட்டுகள் வட்டமாக நின்றன. பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார்.

மொத மண்ணு நீ போடணும்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. டீக் கோப்பை கையிலேயே இருந்தது. அதை வழியில் இருந்த பியானோமேல் வைத்தேன்.

"நோ, ஹென்" என்று மெயிசி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஈரப் புல்லில் செருப்பு வழுக்கியது. பாஸ்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எட்டுப் பேரும் கயிற்றைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். கறிக்கடைக்காரர் வாய் திறந்தது மூடவில்லை.

"அம்மா!" என்றான் சாம். "இவங்க வழக்கத்துல லேடீஸ் வரமாட்டாங்கம்மா. ப்ளீஸ், உள்ள போங்க."

"மொத மண்ணு என்னையப் போடச் சொல்லிட்டுப் போனாருல்லா" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. "நீயும்தான கார்ல இருந்தே? நான் இல்லாம இறக்கக் கூடாது. இறக்க விடமாட்டேன்."

 அன்றைக்குக் காரில் அப்பா சொன்னதை, சாம் ஆர்ச்சியைப் பார்த்து, இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான்.

ஆர்ச்சி பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் புத்தகத்தைப் பார்த்தார். ஆர்ச்சி என்னைத் தாண்டி ஹால் கதவைப் பார்த்தார். நானும் திரும்பினேன். கதவுக்கு வெளியே, படியில், ஏப்ரனோடு மெயிசி நின்றாள். ஒரு கால் படியில், ஒரு கால் புல்லில். அதற்குமேல் வரவில்லை.

அவர் ரொம்ப நேரம் அவளையே பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, தலைமாட்டுக் கயிற்றில் சாமின் கைக்கு முன்னால் வைத்தார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விரலை மடக்கிக் காட்டினார். அவர் விரல் முழுக்கக் காய்ப்பு. சுருக்கமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"மெல்ல விடணுமாம்மா" என்றான் சாம்.

குழியின் குறுக்கே போட்டிருந்த பலகையை உருவினார்கள். உடனே என் வீட்டுக்காரர் பாரம் முழுக்க என் கையில் வந்தது. அவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன், கால் பிடித்துவிட்டிருக்கிறேன், காய்ச்சலில் தாங்கிப் பிடித்திருக்கிறேன். இந்தப் பாரம் வேறு. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பெட்டி அடியைத் தொட்டதும் கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசு என்னைத் தூக்கி எறிகிற மாதிரி இருந்தது. சாம் பின்னால் நின்று பிடித்துக்கொண்டான்.

மண் கறுப்பாக, குளிர்ந்து, நடுவில் ஒரு சிவப்பு இலையோடு என் கையில் வந்தது. போட்டேன்.

மெயிசி கேட்டது

ஹாலுக்குத் திரும்பினோம்.  யாரும் என் பக்கத்தில் வரவில்லை. நான் அடுக்களைக் குழாயடியில் நின்று உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு ஓடின இடம் சிவந்து கோடாக இருந்தது.

மெயிசி உள்ளே வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து அந்தக் கோட்டைப் பெருவிரலால் தடவினாள். பிறகு கிரேஸைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

 கிரேஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எவ்வளவு கனமா இருந்துச்சுன்னு கேக்குறாங்க அத்தை. அவங்க பையனை இறக்கினப்போ... இவங்க இங்கதான் ரொட்டி வெட்டிக்கிட்டு இருந்தாங்களாம்."

 ஞாயிறுதோறும் கல்லைத் துடைத்த அந்தக் கையை நினைத்தேன். எந்தப் பாஷையில் அவளுக்குப் பதில் சொல்வது?

பாத்திரம் துடைக்கிற துண்டு ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்து ஒரு முனையை அவள் இரண்டு கையிலும் கொடுத்து, ஆர்ச்சி எனக்குக் காட்டின மாதிரியே விரலை மடக்கிவிட்டேன். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு, என் பாரம் முழுவதையும் போட்டு, கீழே இழுத்தேன்.

அவள் தாங்கினாள். பல்லைக் கடித்தாள், தாங்கினாள். நான் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் முனையை விட்டுவிட்டேன்.

அவள் தன் முனையை விடவில்லை.